காலையில் 12 மாத்திரை: கொப்புள நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு எவ்வளவு பாதுகாப்பானது?

60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பெம்பிகஸ் என்ற கொப்புள நோய் கடுமையாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கில் அவருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தேவைப்படும். கையில் கொடுக்கப்படும் மாத்திரை ஒன்றில் 5 மில்லிகிராம்தான் இருக்கும் என்றால், காலைப் பசியாறியதும் 12 மாத்திரைகளை எண்ணி விழுங்க வேண்டும். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு தமிழ்க் குடும்பம் இந்த எண்ணிக்கையைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது ஸ்டீராய்டாமே, உடம்பைக் கெடுத்துவிடாதா?" கேள்வியில் தவறில்லை. கெடுக்கக்கூடிய மருந்துதான். ஆனால் எவ்வளவு கெடுக்கும் என்பதை மருந்தின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், தொடங்குவதற்கு முன் உடம்பில் எவையெல்லாம் சோதிக்கப்பட்டன என்ற மூன்றும்தான் அதை முடிவு செய்கின்றன.

முதலில் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தின் ஆபத்தை நோயின் ஆபத்தோடு சேர்த்து நிறுத்தால்தான் தராசு நிற்கும். தன் உடம்பையே அந்நியமாகக் கருதி நோய் எதிர்ப்பு ஆற்றல் தாக்குவதால் வரும் கொப்புள நோய்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று பெம்பிகஸ் வல்காரிஸ். மேல்தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் டெஸ்மோகிளீன் 3, டெஸ்மோகிளீன் 1 என்ற புரதங்களை இந்நோயில் எதிர்ப்புரதங்கள் தாக்குகின்றன. பிணைப்பு விட்டுப்போவதால் தோல், சாந்து உதிர்ந்த செங்கல் சுவரைப் போல் தளர்ந்து, தொட்டாலே உடையும் மெல்லிய கொப்புளங்கள் தோன்றுகின்றன. பெரும்பாலோருக்கு இது வாய்ப்புண்ணாகவே தொடங்கும். சம்பல் பட்டால் உயிர் போகும், பல் மருத்துவரிடம் மாதக்கணக்கில் அலைவார்கள், பிறகுதான் மார்பிலும் முதுகிலும் கொப்புளம் தெரியும். மற்றொன்று புல்லஸ் பெம்பிகாய்டு. இது பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. மேல்தோலை அடித்தோலோடு ஒட்டவைக்கும் பிடிமானம் இதில் தாக்கப்படுவதால், தாங்க முடியாத அரிப்போடு, எளிதில் உடையாத விறைப்பான பெரிய கொப்புளங்கள் எழும்பும்.

இந்நோய்கள் தொற்றுவதில்லை. ஆனால் கொப்புளம் என்றாலே நம் வீடுகளில் இரண்டு பெயர்கள் முந்திக்கொண்டு வருகின்றன. "அம்மை போட்டிருக்கிறது" என்று வேப்பிலை கட்டிவிட்டு நோயாளியைத் தனி அறையில் விடுவது ஒன்று. "அக்கி" என்று காவிமண் குழைத்துப் பூசுவது மற்றொன்று. வேப்பிலையிடம் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. சின்னம்மை இரண்டு மூன்று வாரத்திலும் அக்கி சில வாரங்களிலும் தாமாகவே ஆறிவிடுவதால் அந்த வழக்கங்களுக்கு ஒரு நற்பெயர் கிடைத்துவிட்டது. பெம்பிகஸ் தானாக ஆறாது என்பதுதான் சிக்கல். ஒரு மாதம் கடந்தும் புதிய கொப்புளம் வந்துகொண்டிருந்தால் அது அம்மையுமில்லை, அக்கியுமில்லை.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்நோய் என்ன செய்தது என்பது மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். தோல் உரிந்த இடங்கள் வழியாக நீரும் புரதமும் வெளியேற, கிருமிகள் உள்ளே புகுந்து இரத்தத்தை நஞ்சாக்கின; தீக்காயத்தில் நடப்பதைப் போன்றதே அது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் முடக்குவாதம் வந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தினார். அதற்காக 1950இல் அவரும் எட்வர்ட் கெண்டலும் தாடேயஸ் ரைக்ஸ்டைனும் நோபல் பரிசு பெற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பெம்பிகஸ் நோயாளிகளுக்கும் அம்மருந்து சென்றது. செத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1953இல் வால்டர் லீவர் பெம்பிகாய்டு தனி நோய் என்று பிரித்துக் காட்டினார். 1964இல் பியூட்னரும் ஜோர்டனும் பெம்பிகஸ் நோயாளிகளின் இரத்தத்தில் தோலைத் தாக்கும் எதிர்ப்புரதம் இருப்பதை நிறுவினார்கள்.

ஆனால் அந்த வெற்றியிலேயே ஒரு கசப்பு ஒளிந்திருந்தது. நோயை உடனே அடக்க வேண்டும் என்று அக்காலத்தில் மிக உயர்ந்த அளவுகள் கொடுக்கப்பட்டன, மாதக்கணக்கில் நீடிக்கவும் விடப்பட்டன. விளைவாக, கொப்புளத்தால் இறப்பவர்கள் குறைந்தபோது, சிகிச்சையின் பக்கவிளைவுகளால், குறிப்பாகத் தொற்றுகளால், இறப்பவர்கள் கண்ணில் படத் தொடங்கினார்கள். அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டு ஆராய்ச்சி முழுவதையும், ஸ்டீராய்டின் பலனை விட்டுக்கொடுக்காமல் அதன் மொத்த அளவை எப்படிக் குறைப்பது என்ற ஒரே தேடலாகப் பார்க்கலாம். புது தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980களில் அறிமுகப்படுத்திய முறை அத்தேடலில் ஒன்று. தினமும் மாத்திரை தருவதற்குப் பதிலாக, 28 நாள்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள்கள், நாளுக்கு 100 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நரம்பு வழியாக ஏற்றி, அவற்றில் ஒரு நாள் மட்டும் நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடைச் சேர்ப்பது அம்முறை. இந்தியாவிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளிப் படித்த தோல் மருத்துவர்களுக்கும் அது தெரிந்த முறைதான்.

பெம்பிகாய்டில் கண் திறக்க வைத்தது 2002இல் பிரான்சிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. பாஸ்கல் ஜோலி தலைமையிலான குழு 341 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பிரெட்னிசோலோனைப் போன்ற வாய்வழி பிரெட்னிசோனும் மறு பிரிவுக்கு உடம்பு முழுவதும் பூசும் குளோபெட்டசோல் களிம்பும் கொடுத்தது. கடுமையான நோய் உள்ளவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள், மாத்திரைப் பிரிவில் 58 விழுக்காடு, களிம்புப் பிரிவில் 76 விழுக்காடு. கடும் பக்கவிளைவுகள் முறையே 54 விழுக்காடும் 29 விழுக்காடும். இரண்டும் ஸ்டீராய்டுதான், நோயும் அதேதான். உடம்புக்குள் போன வழியும் அளவும் மட்டுமே வேறு. ஆகவே "ஸ்டீராய்டு பாதுகாப்பானதா" என்ற கேள்வியே முழுமையற்றது என்று நான் நினைப்பதற்கு இந்த எண்களைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. களிம்புக்கும் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. அந்த ஆய்வில் பூசப்பட்டது நாளுக்கு 40 கிராம். 15 கிராம் குழாய்கள் என்றால் நாளுக்கு ஏறக்குறைய மூன்று. தனியே வாழும் 80 வயது மூதாட்டிக்கு முதுகில் யார் பூசிவிடுவது?

பிரிட்டனும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியான ஆய்வு இன்னொரு வழியைச் சோதித்தது. பெம்பிகாய்டு நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் என்ற பழைய ஆன்ட்டிபயாட்டிக்கும், மறு பிரிவுக்குப் பிரெட்னிசோலோனும் முதல் மருந்தாகத் தரப்பட்டன. ஆறு வாரத்தில் கொப்புளம் அடங்கியவர்கள் முறையே 74 விழுக்காடு, 91 விழுக்காடு, ஸ்டீராய்டே முந்தியது. ஆனால் ஓராண்டில் உயிருக்கு ஆபத்தான அல்லது கடுமையான பக்கவிளைவு கண்டவர்கள் முறையே 18 விழுக்காடு, 36 விழுக்காடு. வேகத்தில் ஸ்டீராய்டை வெல்ல எளிதில் ஆளில்லை. அந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. அந்த வேகத்துக்காகத்தான் இன்றும் அது முதல் வரிசையில் நிற்கிறது. அசதையோபிரின் போன்ற மாற்று மருந்துகள் வேலையைத் தொடங்கவே ஆறு எட்டு வாரம் எடுத்துக்கொள்ளும். தோல் உரிந்து கிடப்பவர் அதுவரை காத்திருக்க முடியாது.

இப்போது பக்கவிளைவுகளுக்கு வருவோம். நோயாளிகள் எதற்கு அஞ்சுகிறார்கள், எதற்கு அஞ்ச வேண்டும் என்ற இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு. முகம் நிலாப்போல் உப்புவது, உடம்பு பெருப்பது, தூக்கம் வராதது, எரிச்சல், இவைதாம் கண்ணுக்குத் தெரிவன. கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பதும் இவற்றைத்தான். இவை பெரும்பாலும் அளவு குறையக் குறையத் தாமே திரும்பிவிடும். திரும்பாதவை சத்தமில்லாமல் வருபவை: எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்குவது, இடுப்பு மூட்டின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் நின்று அது மடிவது, கண்ணில் புரையும் கண்ணழுத்தமும். இடுப்பிலோ தொடைக்கவட்டிலோ புதிதாக வலி எடுத்தால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எலும்பு இழப்பு மிக வேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் என்பதால், கால்சியமும் வைட்டமின் டியும் எலும்பைக் காக்கும் மருந்துகளும் தொடக்கத்திலேயே யோசிக்கப்பட வேண்டியவை. ஓராண்டு கழித்து ஸ்கேன் பார்த்துத் தொடங்குவது பந்தி முடிந்த பிறகு இலை போடுவதற்குச் சமம்.

மலேசியத் தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒரு கவலை இருக்கிறது, அது இனிப்புநீர். 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது மற்ற இரு பெரிய இனங்களைவிட அதிகம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்று எல்லாருக்கும் தெரியும். அது எப்போது ஏற்றும் என்பது பலருக்குத் தெரியாது. காலையில் விழுங்கிய பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை உச்சத்துக்குக் கொண்டுபோகும். மறுநாள் விடியலில் அது பெரும்பாலும் இறங்கியிருக்கும். எனவே வெறும் வயிற்றில் எடுத்த அளவு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடைந்து, மாலையில் ரொட்டிச் சானாயும் தே தாரிக்கும் எடுத்துக்கொள்பவர், தன் சர்க்கரை (லிட்டருக்கு) 15, 16 மில்லிமோல் என்று ஓடுவதை அறியாமலே இருப்பார். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ இரவு உணவுக்கு முன்னரோ விரலைக் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதன் மறுபுறம் இன்னும் விசித்திரமானது. இனிப்புநீருக்காகப் பரவலாகத் தரப்படும் கிளிப்டின் வகை மாத்திரைகள், குறிப்பாக வில்டாகிளிப்டின், சிலருக்குப் பெம்பிகாய்டு நோயையே தூண்டிவிடக்கூடும் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரை தொடங்கி மாதங்கள் கழித்தும், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்தும் கொப்புளம் வருவதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. கிளிப்டினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினால் நோய் அடங்க உதவும். தேவைப்படும் ஸ்டீராய்டின் அளவும் குறையலாம். ஆகவே கொப்புளத்தோடு தோல் மருத்துவரிடம் போகும் முதியவர், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது வெறும் ஒழுங்குக்காக அன்று. நீரிழிவு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. அதை மாற்றுவது மருத்துவர் வேலை.

தொடங்குவதற்கு முன் தேட வேண்டிய ஒளிந்திருக்கும் விருந்தாளிகள் மூவர். முதலாவது காசநோய். மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் புதிதாகக் கண்டறியப்படும் நோய் அது. நுரையீரலில் உறங்கிக்கொண்டிருக்கும் கிருமி, நோய் எதிர்ப்பு ஆற்றல் தணிந்ததும் விழித்துக்கொள்ளும். அதனால்தான் மார்பு எக்ஸ்ரேயும் உறங்கும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கப்படுகின்றன. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், பிரெட்னிசோலோனை உடம்பிலிருந்து வேகமாக அகற்றிவிடும் என்பதால், இரண்டும் சேரும்போது கொப்புளம் மீண்டும் கிளம்பக்கூடும் என்பதும் நினைவில் வைக்க வேண்டியது. இரண்டாவது ஹெப்படைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று, அதுவும் உறங்கிக் கிடந்து விழிக்கக்கூடியது. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு 1989 முதல்தான் அத்தடுப்பூசி போடப்படுகிறது. கொப்புள நோய்கள் வரும் வயதினர் பெரும்பாலும் அதற்கு முன் பிறந்தவர்கள்.

மூன்றாவது விருந்தாளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அது ரப்பர் தோட்டத்திலிருந்து நம்மோடு நகரத்துக்கு வந்திருக்கக்கூடியது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற நூல் போன்ற சிறு புழு, மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். மற்ற குடற்புழுக்களைப் போல் அல்லாமல், இது குடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தன்னைப் பெருக்கிக்கொள்வதால், எந்தத் தொந்தரவும் தராமல் 30, 40 ஆண்டுகள்கூட இருந்துவிடும். விடியற்காலையில் வெறுங்காலோடு பால் மரத்துக்குப் போனவர், கழிப்பறை வசதியற்ற லயத்தில் வளர்ந்தவர், இன்று கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கலாம். புழுவும் கூடவே இருக்கலாம். உயர்ந்த அளவு ஸ்டீராய்டு தொடங்கியதும் அது கட்டுமீறிப் பெருகி, நுரையீரலுக்கும் மூளைக்கும் குடல் கிருமிகளைச் சுமந்துகொண்டு போகும். உயிரிழப்பு மிக அதிகமுள்ள நிலை அது. முன்கூட்டியே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் முடிந்துபோகும் சங்கதி. மருத்துவர் இளையவராக இருந்தால் தோட்ட வாழ்க்கையைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். "நான் தோட்டத்தில் வளர்ந்தவன் ஐயா" என்று நோயாளியே சொல்லிவிடுவது நல்லது.

அளவைக் குறைக்கும் தேடலில் இந்த நூற்றாண்டின் பெரிய திருப்பம் ரிட்டுக்சிமாப். எதிர்ப்புரதம் சுரக்கும் உயிரணுக்களுக்கு மூலமான பி-செல்களை அழிக்கும் ஊசி இது. 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 90 பெம்பிகஸ் நோயாளிகள் இருந்தார்கள். ரிட்டுக்சிமாபோடு குறுகிய காலம் மட்டும் பிரெட்னிசோன் எடுத்தவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நோயற்றிருந்தார்கள். பிரெட்னிசோன் மட்டும் நீண்ட காலம் எடுத்தவர்களில் அது 34 விழுக்காடு. கடும் பக்கவிளைவுகளும் முதல் பிரிவில் ஏறக்குறைய பாதிதான். 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் தந்தது. பெம்பிகாய்டுக்கு டூப்பிலுமாப் என்ற ஊசி 2025 ஜூனில் அதே ஒப்புதலைப் பெற்றது. ரிட்டுக்சிமாபும் தேவாமிர்தம் அன்று. அதுவும் தொற்றுக்கு வழிவிடும், உறங்கும் ஹெப்படைட்டிஸ் பியை எழுப்பும், தடுப்பூசிகளின் பலனைக் குறைக்கும். விலையும் ஒரு தடைதான். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் கட்டணம் என்ற அரசாங்க மருத்துவமனை வசதிக்குப் பழகியவர்களுக்கு, தனியார் மருத்துவமனையில் இந்த ஊசியின் விலைச்சீட்டு மயக்கம் தரும்.

மருத்துவர் தரும் ஸ்டீராய்டுக்கு அஞ்சி ஓடுபவர்கள், அறியாமலே அதைவிட மோசமான ஸ்டீராய்டை விழுங்குவதுதான் எனக்குப் பெரிய முரணாகப் படுகிறது. இரவுச் சந்தையிலும் இணையத்திலும் "முழுக்க மூலிகை" என்று விற்கப்படும் மூட்டுவலி, அரிப்பு மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. 0.75 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அந்தப் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மூன்றே நாளில் கொப்புளம் வற்றிப்போகும், "பார்த்தீர்களா, பக்கவிளைவே இல்லாத மருந்து" என்று அக்கம்பக்கத்திலும் சொல்லத் தோன்றும். பொட்டலம் தீர்ந்ததும் நோய் இரட்டிப்பாகத் திரும்பும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹாலோகிராம் ஒட்டுவில்லையும் இல்லாத எதையும் இந்நோயாளிகள் தொடக்கூடாது.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியை நச்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடுவதால் சிறு பகுதிதான் சிசுவை எட்டும். மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற துணை மருந்துகளைத்தான் தவிர்க்க வேண்டும்.

தைப்பூசம் நெருங்கும்போது பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் நேர்ந்துகொண்டவர்கள் கேட்பதற்கும் பதில் வேண்டும். ஸ்டீராய்டு காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பெம்பிகஸில் தோலில் படும் காயமே புதிய கொப்புளத்துக்கு இடமாகலாம். அலகு குத்துவதைத் தள்ளிவைத்துவிட்டுப் பால்குடம் எடுக்கலாம்; முருகன் கணக்குப் பார்க்கமாட்டான். விரதத்தில் கவனிக்க வேண்டியது வேறு. காலையில் சாப்பிடாமல் இருப்பவர், "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருப்பதால் மாத்திரையையும் விட்டுவிடுவார். அதுதான் உண்மையான ஆபத்து.

ஏன் என்றால், சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, இயல்பாக நாளுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமமான கார்ட்டிசோல் என்ற உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கிறது. வெளியிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு மேல் மருந்து வந்துகொண்டிருந்தால் அது வேலையை நிறுத்திவிடும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளிருந்தும் வராது. வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் என்று சில நாள்களில் உயிருக்கே வந்துவிடும். தோல் சுத்தமாகிவிட்டது, முகம் உப்பிவிட்டது என்று 20 மில்லிகிராமில் இருந்தவர் தாமாக நிறுத்துவதுதான் இந்நிலைக்கு மிகச் சாதாரணமான காரணம். 60இலிருந்து 20 வரை இறங்குவது விரைவாக நடக்கலாம். 5இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதற்கு மாதங்கள் ஆகும், தேவைப்பட்டால் காலைக் கார்ட்டிசோல் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். சுரப்பி விழித்தெழும் வரை, கடுங்காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். காய்ச்சலையேகூட ஸ்டீராய்டு மறைத்துவிடும் என்பதால், காய்ச்சல் இல்லை என்பதை வைத்துத் தொற்று இல்லை என்று எண்ணக்கூடாது. விபத்திலோ மயக்கத்திலோ பேச முடியாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகப்படும்போது அங்குள்ளவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. ஆகவே மருந்தின் பெயர், இப்போதைய அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்துக்கொள்ள வேண்டும். அளவு மாறும்போதெல்லாம் சீட்டையும் மாற்ற வேண்டும்.